சூக்கி கூட்டி வந்த குதிரை

மியூசான் என்ற சொந்தப் பெயரை அவளே பாதி மறந்திருப்பாள். ஹாங்காங்கின் தாய் வோ குடியிருப்பில் அவள் எல்லோருக்கும் ஹௌ அண்ணி. ஹௌ ஷிங் என்ற சமையல்காரரின் மனைவி. அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகியும் அந்தப் பெயர்தான் நிலைத்தது. வருஷம் முழுக்க அவளிடம் அடக்கமாகப் பேசுகிறவர்கள்கூட டிசம்பர் பிறந்தால் கேலியை ஆரம்பித்துவிடுவார்கள். ஷா டின் மைதானத்தில் வெளிநாட்டுக் குதிரைகள் வந்து ஓடும் பெரிய பந்தயங்கள் அந்த மாதத்தில்தான். ஜப்பானிலிருந்து வரும், அயர்லாந்து, பிரான்ஸ், இங்கிலாந்திலிருந்து வரும். உள்ளூர்க் குதிரைகள் எதிர்த்து ஓடும். ஹௌ அண்ணி புல்தரை எப்படி, ஜாக்கி யார் என்று எதையும் பார்க்கமாட்டாள். ஐரோப்பாவிலிருந்து வந்ததா என்று மட்டும் கேட்பாள். ஆம் என்றால் அதன் மேல் போட்டுவிடுவாள். எப்போதாவது ஜெயிப்பாள். பெரும்பாலும் தோற்பாள்.

"வந்துட்டாங்கப்பா நம்ம துரைசானி," என்பான் கோ, அவள் சந்தைக்குப் பக்கத்து டீக்கடைக்குள் நுழைந்ததும். கோ மினிபஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். ஓட்டின காலத்தில் முன்னால் போகிற வண்டிக்காரனைத் திட்டிப் பழகிய வாய். வண்டி போனபிறகும் வாய் நிற்கவில்லை. "குளிர்ல வளர்ந்த குதிரை அண்ணி அதெல்லாம். விமானத்துல ஏத்தி இங்க கொண்டாந்து இறக்கினா வேர்த்து விறுவிறுத்து நிக்கும். அது மேல போய் காசைக் கொட்டறீங்களே."

"டிசம்பர்ல என்னடா வேர்வை? ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு நடுங்கறவன் நீ."

"நான் மனுஷன். நடுங்குவேன். குதிரை ஓடணுமே."

நிங் சிரிப்பாள். சந்தையின் மாடிப்படிக்குக் கீழே தையல் மெஷின் போட்டு, பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது என்று பிழைப்பவள் அவள். மூவரில் இளையவள், ஐம்பதுதான் ஆகிறது. பந்தயம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, பால் டீயும் வெண்ணெய் வைத்த பன்னும் சாப்பிட்டபடி பேப்பரில் குதிரைப் பக்கத்தை விரித்துவைத்துக்கொள்வார்கள். கோ எப்போதும் உள்ளூர்க் குதிரைதான். நிங் எண்ணைப் பார்த்துப் போடுவாள். நான்கு வந்தால் தொடமாட்டாள்; அவர்கள் பாஷையில் அது சாவு என்பதுபோல ஒலிக்கும்.

ஹௌ அண்ணி ஏன் ஐரோப்பாக் குதிரை மேலேயே போடுகிறாள் என்று அவர்கள் கேட்டதும் உண்டு. "பழக்கம்," என்று சொல்லிவிடுவாள். அது பொய் இல்லை. ஆனால் முழுதும் இல்லை.

கல்யாணமான மறு வருஷமே ஷிங் அவளை இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார். கிழக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். ஊரே குதிரைகளுக்காகத்தான் இருந்தது. எந்தத் தெருவில் திரும்பினாலும் லாயம். விடிந்தும் விடியாமலும் குதிரைகள் வரிசையாக நடந்து கடைத்தெருவைக் கடந்து மேட்டுப் புல்வெளிக்கு ஓடப் போகும். கார்கள் காத்து நிற்கும். அந்தத் தெருவில் ஷிங்கின் பார்சல் சாப்பாட்டுக் கடை. உள்ளே அவர் வாணலியோடு போராடுவார். கவுண்டரில் மியூசான். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ், கடையின் விலைப் பலகையோடு முடிந்துவிடும். லாயத்துப் பையன்களும் பெண்களும் சாயங்காலம் வந்து, உருளைக்கிழங்கு வறுவல் மேல் கறிக் குழம்பை ஊற்றச் சொல்லி நின்றபடியே தின்பார்கள். அவர்கள் மேல் எல்லாம் வைக்கோல் வாசனை அடிக்கும்.

ஒரே மகள் சூக்கி. ஷிங் அவளைக் கணக்குப் படிக்கவைத்து ஒரு அலுவலகத்தில் உட்காரவைக்க ஆசைப்பட்டார். சூக்கிக்குப் பள்ளிக்கூடம் முடிந்ததும் கால் தானாக லாயத்துப் பக்கம் போகும். பதினேழு வயதில் ஒரு நாள் வேலையில் சேர்ந்துவிட்டேன் என்று வந்து நின்றாள்.

"வெள்ளைக்காரன் குதிரைக்குச் சாணி அள்ளவா நான் இந்த எண்ணெய்ச் சட்டி முன்னால வெந்துகிட்டு இருக்கேன்?" என்று கத்தினார் ஷிங். மகளோடு வெகுகாலம் பேசவில்லை. மியூசான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் ராத்திரிச் சாப்பாட்டை டப்பாவில் போட்டு, கடைக்கு வரும் லாயத்துப் பையன்களிடம் கொடுத்தனுப்பினாள்.

அதன்பிறகு காலையில் குதிரை வரிசை போகும்போது அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே ஜன்னலுக்கு வந்து நிற்பாள். மேலே இருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரித் தலைக்கவசம், ஒரே மாதிரிக் கனத்த கோட்டு. பனியில் எது மகள் என்று தெரியாது. அதனால் ஒன்று விடாமல் எல்லாக் குதிரையையும் பார்த்தாள். கடைசிக் குதிரையின் வால் மறைகிற வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் கத்தியை மறுபடி எடுப்பாள்.

ஷிங் இறந்தபின் கடையை விற்றுவிட்டு அவள் ஹாங்காங் திரும்பினாள். மகள் அங்கேயே குதிரைகளோடு இருந்துவிட்டாள். முதல் டிசம்பரில் பேப்பரில் வெளிநாட்டுக் குதிரைகளின் படங்களைப் பார்த்தபோது, இதில் எதையாவது சூக்கி தேய்த்து விட்டிருப்பாளோ, எதற்காவது அவள் தண்ணீர் காட்டியிருப்பாளோ என்று தோன்றியது. தொலைபேசியில் கேட்டால் மகள் சிரிப்பாள். ஆகவே கேட்கவில்லை. அந்த வருஷம் வந்திருந்த ஐரோப்பாக் குதிரைகள் அத்தனையின் மேலும் கொஞ்சம் கொஞ்சம் போட்டாள். அன்றிலிருந்து அதுவே பழக்கம்.

போன நவம்பரில் ஒரு மத்தியானம் சூக்கி போன் செய்தாள். சூக்கியின் கான்டனீஸ் பாஷை அவள் பத்து வயதில் பேசியதோடு நின்றுவிட்டது. நாற்பதை நெருங்குகிறவள், அம்மாவிடம் பேசும்போது மட்டும் சின்னப் பிள்ளை மாதிரித்தான் பேசுவாள்.

"அம்மா, நான் வரேன். குதிரை கூட வரேன்."

"எந்தக் குதிரைடி?"

"என் குதிரை. என்னுது இல்ல. நான் பாத்துக்கற குதிரை. பேரு சால்ட் மார்ஷ். நாங்க ஆர்ச்சின்னு கூப்பிடுவோம். ஷா டின்ல ஓடப் போகுது. நான் கூட்டிக்கிட்டு வரேன்."

மியூசான் போனை வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள், அணைத்தாள், என்ன செய்ய வந்தோம் என்று தெரியாமல் நின்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு நேராக நிங்கின் தையல் மெஷின் முன்னால் போய் நின்று சொல்லிவிட்டாள். நிங்கிடம் சொன்ன செய்தி மீன்காரருக்குப் போனது, மீன்காரரிடமிருந்து மருந்துக்கடைக்கு. சாயங்காலத்துக்குள் கோ டீக்கடையில் எழுந்து நின்று வரவேற்றான்.

"அண்ணி! இத்தனை வருஷம் சொல்லவே இல்லையே. உங்க பொண்ணு குதிரையோடவே இருக்கிறவளா?"

"பொண்ணு என்ன வேலை பாக்குதுன்னு நீ எங்கடா கேட்டே? துரைசானி துரைசானின்னு கத்தத்தானே தெரியும் உனக்கு."

"இனிமே அப்படிக் கூப்பிட்டா என் வாயிலயே போடுங்க." நாற்காலியை இழுத்துப் போட்டான். "சொல்லுங்க. குதிரை எப்படி?"

பேப்பரில் அந்தக் குதிரைக்குத் தங்கள் பாஷையில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: உப்பு நிலம். கோ அதைச் சத்தமாகப் படித்தான். "உப்பு இருக்கு. சப்பு இருக்குமான்னுதான் தெரியல," என்றான். ஆனால் சொன்னபடியே பேனாவை எடுத்து அந்தப் பெயரைச் சுற்றி வட்டம் போட்டான். உள்ளூர்க் குதிரையைத் தவிர வேறெதையும் அவன் அப்படி வட்டம் போட்டு அவர்கள் பார்த்ததில்லை.

சூக்கி வந்து இறங்கியும் உடனே பார்க்க முடியவில்லை. வெளிநாட்டுக் குதிரைகளைத் தனி லாயத்தில் வைத்து, நோய்நொடி பரவாமல் இருக்க ஆயிரம் விதி. கூட வந்தவர்களும் நினைத்தபோது வெளியே வர முடியாது. பந்தய வாரத்தில் ஒரு மத்தியானம் சூக்கிக்குக் கொஞ்ச நேரம் கிடைத்தது. ஃபோ டான் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், திறந்தவெளிச் சாப்பாட்டுக் கடைகளில் ஒன்றில் மியூசான் முன்னாலேயே போய் இடம் பிடித்து, மகளுக்குப் பிடித்த வறுத்த புறாவுக்குச் சொல்லிவைத்திருந்தாள்.

சூக்கி குளித்து உடை மாற்றி வந்திருந்தாள். அப்படியும் அந்த வாசனை போகவில்லை. மியூசானுக்கு அது பிடித்திருந்தது. மகளின் கன்னம் காற்றில் வெடித்திருந்தது, உள்ளங்கையில் கயிறு உரசிய காய்ப்பு. தலையில் அங்கங்கே நரை.

"என்னடி, இவ்வளவு நரைச்சுப் போச்சு?"

"உனக்கும்தான்." சூக்கி பையிலிருந்து ஒரு பெரிய படப் புத்தகத்தை எடுத்து மேஜை மேல் வைத்தாள். அவர்கள் இருந்த ஊரும் அதன் குதிரைகளும் பக்கம் பக்கமாக. "உனக்குத்தான் வாங்கினேன்."

மியூசான் பதறி அதை வாங்கி மடியில் போட்டு மூடினாள். பந்தய வாரத்தில் யாராவது புத்தகம் கொடுப்பார்களா? அவர்கள் பாஷையில் புத்தகத்துக்கும் தோல்விக்கும் ஒரே ஒலி. குதிரைக்குப் போடுகிறவன் பக்கத்தில் உட்கார்ந்து யாராவது புத்தகம் படித்தால் எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விடுவான். சூக்கிக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? மகளின் முகம் வாடுவதைப் பார்த்து, "ரொம்ப அழகா இருக்கு. வீட்டுக்குப் போய் நிதானமாப் பாக்கறேன்," என்றாள்.

புறா வந்தது. சூக்கி ஒரு காலைப் பிய்த்தாள். கடித்தாள். பிறகு கீழே வைத்துவிட்டாள். இந்தப் பெண் சின்ன வயதில் எலும்பைக்கூட விடமாட்டாள்.

"என்ன? உப்பு அதிகமா?"

"இல்ல." சூக்கி கையைத் துடைத்துக்கொண்டாள். "ஆர்ச்சி சாப்பிடல அம்மா."

"எத்தனை நாளா?"

"வந்ததுலேர்ந்து. ஓட்ஸ் வச்சா மூஞ்சியத் திருப்பிக்கிறான். கேரட்டு வச்சா வாயில வச்சிட்டுக் கீழ போட்டுடறான். ராத்திரி நானும் அவன் கூடவே உக்காந்து கையில ஊட்டினேன். கொஞ்சம்தான் சாப்பிட்டான். டாக்டர் வந்து பாத்தாரு. ஜுரம் இல்ல, நோய் இல்ல, ஓடலாம்னு சொல்லிட்டாரு. எங்க டிரெய்னரும் ஓடட்டும்னு சொல்றாரு." சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். "ஆனா அவன் வீட்ட நினைச்சிட்டிருக்கான். எனக்குத் தெரியும். அவன் ஜெயிக்கமாட்டான்."

மியூசான் அவள் கிண்ணத்தில் டீ ஊற்றினாள்.

"அம்மா, இத யார்கிட்டயும் சொல்லாதே. இது நான் உங்கிட்ட... எங்கிட்ட வேற யார் இருக்கா? அதான் சொன்னேன். வெளிய போச்சுன்னா என் வேலை போயிடும். அது தப்பு. குதிரைக்காரங்க பந்தயம் போடறவங்க கிட்ட எதுவும் சொல்லக்கூடாது."

"நான் யார்கிட்டடி சொல்லப் போறேன்?"

"நீ போடாதே அவன் மேல. சரியா?"

"சாப்பிடு. ஆறிப்போகுது."

போகும்போது சூக்கி அம்மாவைக் கட்டிக்கொள்ளவில்லை. அவர்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. ஆனால் ஸ்டேஷன் வரைக்கும் அவள் கைப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் டீக்கடையில் கோவும் நிங்கும் காத்திருந்தார்கள். பக்கத்து மேஜைக்காரர்களும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தீங்களா? பொண்ணு என்ன சொல்லிச்சு?"

"நல்லா இருக்கா. நரைச்சுப் போச்சு."

"யார் அதைக் கேட்டா? குதிரை! குதிரை என்ன சொல்லிச்சு?"

"குதிரை எங்கடா பேசும்?"

"அண்ணி, விளையாடாதீங்க," என்றான் கோ. "டிப்ஸ் ஒண்ணு சொல்லுங்க. ஒரே வார்த்தை. ஜெயிக்குமா ஜெயிக்காதா?"

மியூசான் அவர்கள் முகங்களைப் பார்த்தாள். இருக்கிற தொகையில் கொஞ்சத்தை எடுத்து ஞாயிற்றுக்கிழமை சந்தோஷமாக இருக்கிறவர்கள். யாருக்கும் உபரி கிடையாது. சொன்னால் மகள். சொல்லாவிட்டால் இவர்கள். அவள் டீயைக் கலக்கிக்கொண்டே, "நீங்க வழக்கமா எது மேல போடுவீங்களோ அதையே போடுங்க. என் பேச்சைக் கேட்டு என்னிக்கு உருப்பட்டீங்க?" என்றாள்.

கோ மேஜையைத் தட்டினான். "பாத்தியா நிங்? பாத்தியா? எல்லாரும் போட்டா, ஜெயிச்சாக் கிடைக்கிற ரேட் இறங்கிடும்னு பயப்படறாங்க! அவங்களே தனியா அள்ளப் பாக்கறாங்க!"

"ஐயோ அப்படியெல்லாம் இல்லடா."

"முகத்தைப் பாரு, எப்படி மறைக்கிறாங்க." கோவுக்கு ஒரே உற்சாகம். "நான் போடறேன் அண்ணி. முழுசா வின்லயே போடறேன், முதல்ல வந்தாத்தான் காசு. முதல் மூணுல வந்தாப் போதும்ங்கற பிளேஸ் எல்லாம் கோழைகளுக்கு."

அவள் மறுபடியும் வேண்டாம் என்றாள். வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அவர்கள் நம்பிக்கை ஏறிக்கொண்டே போனது. சாயங்காலம் மருந்துக்கடைக்காரர் அவளைப் பார்த்துக் கண்ணடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் ரயிலேறிப் போனார்கள். பந்தய நாளில் மட்டும் நிற்கும் ஸ்டேஷனில் கூட்டத்தோடு கூட்டமாக இறங்கினார்கள். வெயில் சாதுவாக இருந்தது; ஆற்றுக்கு அப்பால் மலைகள் தெளிவாகத் தெரிந்தன. கோ புதுச் சட்டை போட்டிருந்தான். நிங் உப்பு நிலத்தின் எண்ணைப் பார்த்துத் திருப்தியாக இருந்தாள்: ஏழு.

பந்தயச் சீட்டு வாங்கும் வரிசையில் நிற்கும்போது மியூசானின் கையில் வெறும் படிவம் இருந்தது. பேனாவைத் திறந்துவிட்டு அப்படியே நின்றாள். வேறு எண்ணைக் குறித்தால் யாருக்குத் தெரியப்போகிறது? ஜப்பான் குதிரை நன்றாக இருப்பதாகப் பேப்பரே சொல்கிறது. பிரான்சிலிருந்து வந்ததும் ஐரோப்பாதானே, வழக்கம் மீறியது ஆகாது. மகளே போடாதே என்று சொல்லியிருக்கிறாள். ஆனால் இன்னும் கொஞ்ச நேரத்தில் சூக்கி அந்தக் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் நடந்து வருவாள். அந்த நேரத்தில் தன் சட்டைப் பையில் இன்னொரு குதிரையின் எண் இருப்பதை நினைத்துப் பார்த்தாள். முடியவில்லை. பின்னால் கோ, "என்ன அண்ணி, எழுத்து மறந்து போச்சா?" என்றான். அவள் ஏழாம் எண்ணைக் குறித்தாள். வழக்கமாகப் போடுவதைவிட அதிகமாகவே போட்டாள்.

குதிரைகளை நடத்திக் காட்டும் வட்டத்தின் கம்பியோரம் இடம் பிடித்தார்கள். ஒவ்வொன்றாக வந்தன. ஏழாம் எண் வந்தபோது நிங் மூச்சை இழுத்துக்கொண்டாள். கருஞ்செம்மை நிறம், வெயில் பட்டு உடம்பு தேய்த்த செம்பு மாதிரி இருந்தது. பிடரி மயிரைச் சின்னச் சின்னப் பின்னல்களாகப் பின்னியிருந்தாள் சூக்கி. அவள் கறுப்புக் கோட்டும் கையில் எண் பட்டையும் அணிந்து, குதிரையின் தாடையோரம் ஏதோ முணுமுணுத்தபடி நடந்து வந்தாள். என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை. கோட்டின் தோளைக் குதிரை மூக்கால் முட்டியது.

"அதான் உங்க பொண்ணா?" என்றான் கோ, குரலைத் தாழ்த்தி. "சரியா உங்க நடை."

கூப்பிட வேண்டும் போல இருந்தது. குதிரை மிரளும் என்று கூப்பிடவில்லை. கம்பியருகே வந்தபோது சூக்கி நிமிர்ந்தாள், அம்மாவைப் பார்த்தாள், முகவாயை மட்டும் லேசாக உயர்த்தினாள். அவ்வளவுதான். பனிக் காலையில் ஜன்னலோரம் நின்று எத்தனை வருஷம் தேடியிருக்கிறாள். இன்று தலைக்கவசம் இல்லை, பனி இல்லை. பட்டப்பகலில், ஊரே பார்க்க, இதுதான் என் மகள் என்று தெரிந்தது. மியூசானுக்குக் கண் கலங்கவில்லை. மனசு நிறைந்து போய் அமைதியாக இருந்தது. பந்தயம் என்ன ஆனாலும் சரி என்று தோன்றியது.

பந்தயம் அவள் நினைத்தபடியேதான் ஆனது. உப்பு நிலம் நன்றாகப் புறப்பட்டு நடுக் கூட்டத்தோடு ஓடியது. கடைசித் திருப்பம் வரைக்கும் கோ கத்திக்கொண்டிருந்தான். நேர்ப்பாதைக்கு வந்ததும், கடை மூடப்போகிறவன் விளக்கை ஒவ்வொன்றாக அணைப்பதுபோல அது அடங்கிப் பின்தங்கியது. ஜெயித்தது ஓர் உள்ளூர்க் குதிரை. கோ வருஷக்கணக்காக விடாமல் போட்டுவந்த குதிரை. அன்று ஒரு நாள்தான் அவன் அதை விட்டிருந்தான்.

திரும்பும் ரயிலில் கோ ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தான். நிங்தான் பேச்சுக் கொடுக்கப் பார்த்து, "அண்ணி வீட்டுல பெரிய புத்தகம் ஒண்ணு பாத்தேன். அதனாலதான் போல," என்றாள்.

"புத்தகமா? பந்தய வாரத்துல வீட்டுல புத்தகமா?" கோ திரும்பினான். "தூக்கிப் போட்டிருக்கக்கூடாதா?"

"பொண்ணு குடுத்ததுடா."

கோ பெருமூச்சு விட்டான். பழியைப் புத்தகத்தின் மேல் போட்டதோடு அது முடிந்திருக்கும். ஆனால் மறுநாள் பேப்பரில் ஆங்கிலேய டிரெய்னரின் பேட்டி வந்தது. பயணம் குதிரைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வந்ததிலிருந்து சரியாகத் தின்னவில்லை, ஓடும் தகுதி இருந்தது ஆனால் தெம்பு இல்லை என்று அவர் சொல்லியிருந்தார். கோ அதை டீக்கடையில் வரி வரியாகப் படித்தான். படித்துவிட்டுப் பேப்பரை மடித்தான்.

"அண்ணி. உங்களுக்குத் தெரியுமா?"

அவள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். "தெரியும்," என்றாள்.

"எப்போ?"

"அவளைப் பாத்த அன்னிக்கே."

"நான் உங்க முன்னால உக்காந்துகிட்டு வின், வின்னு குதிக்கிறேன். பாத்துகிட்டு டீ கலக்கினீங்களே?"

"போடாதேன்னு சொன்னேன் கோ."

"காரணத்தைச் சொன்னீங்களா? வழக்கமாப் போடறதைப் போடுன்னீங்க. அது சொன்னதா?" அவன் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவளுக்குத் தாங்கியிருக்கும்.

"சொன்னா அவ வேலை போயிடும். என்னை நம்பிச் சொன்னா."

"நாங்களும் உங்களை நம்பினோம்," என்றான் கோ. எழுந்து டீக்குக் காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

"அண்ணியும் ஏழுதான் போட்டாங்க, நம்மளவிட அதிகமா. சீட்டை நான் பாத்தேனே," என்று நிங் அவன் முதுகுக்குப் பின்னால் சொன்னாள். அவனுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

சூக்கி ஆர்ச்சியோடு விமானம் ஏறிவிட்டாள். கோ டீக்கடைக்கு வந்தான். வராமல் இருக்க அவனால் முடியாது. ஆனால் அடுத்த மேஜையில், அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். பேப்பரைத் தனியாக வாங்கிப் படித்தான். மியூசான் அவனைச் சமாதானப்படுத்தப் போகவில்லை. செய்தது தவறு என்று அவளுக்குத் தோன்றவில்லை. அவன் கோபப்படுவதும் தவறு என்று தோன்றவில்லை. இரண்டும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். ஆனாலும் பன் வரும்போது பழக்கத்தில் அவனுக்கும் சேர்த்து மூன்று என்று சொல்லிவிடுவாள். மூன்றாவதை நிங் வீட்டுக்கு எடுத்துப் போவாள்.

டிசம்பர் கடைசியில் குளிர் இறங்கிய ஒரு பந்தய ஞாயிறு. முதல் ஓட்டத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. மியூசானின் போன் அடித்தது. இங்கே மத்தியானம் என்றால் அங்கே விடியவில்லை. சூக்கி லாயத்துக்கு நடந்து போகும்போது கூப்பிடுவாள். கடை இரைச்சலில் காது கேட்காததால் மியூசான் போனை மேஜை மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா! ஆர்ச்சி நல்லா ஆயிட்டான். நேத்து என் தொப்பியக் கடிச்சிட்டான்."

"தொப்பியையா? அது ருசியா இருந்திருக்கும்."

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு மறந்துட்டேன். நீ ஆர்ச்சி மேல போட்டியா?"

நிங் டீயை வாயில் வைத்தபடி நிறுத்தினாள். அடுத்த மேஜையில் கோ பேப்பரைத் திருப்பவில்லை.

"நான் எதுக்குப் போடறேன்?" என்றாள் மியூசான், கொஞ்சம்கூடத் தடுமாறாமல். "நீதான் படிச்சுப் படிச்சுச் சொன்னியே. ஒரு காசு போடல."

"நல்லவேளை. எனக்கு ராத்திரி எல்லாம் கவலை. அம்மா காசு போயிருக்குமோன்னு."

"போடவே இல்லைங்கறேன். நான் என்ன பைத்தியமா?"

கோவின் தோள் முதலில் குலுங்கியது. அடக்கப் பார்த்தான். முடியாமல் பேப்பருக்குள் தலையைக் கவிழ்த்து ஹா ஹாவென்று சிரித்துவிட்டான். போனில் சூக்கி, "யாரும்மா சிரிக்கறது?" என்றாள்.

"இங்க ஒரு கழுதை. நீ வேலைக்குப் போ, பனில நிக்காதே." மியூசான் போனை அணைத்தாள்.

கோ கண்ணைத் துடைத்துக்கொண்டே நாற்காலியோடு திரும்பினான். "தோக்கும்னு தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சே போட்டீங்க. எங்களைவிட அதிகமா."

"ஆமா."

"ஏன் அண்ணி?"

மியூசான் யோசித்தாள். "என் கண்ணு முன்னால எம்பொண்ணு அதைக் கூட்டிக்கிட்டு வரா. நான் வேற சீட்டை வச்சுக்கிட்டு எப்படிடா அவ முகத்தைப் பாக்கறது?" என்றாள்.

கோ பேப்பரை மடித்தான். பிறகு நாற்காலியை இழுத்து அவர்கள் மேஜையில் போட்டான். "அதுக்கு எங்களையும் சேத்து முழுகடிச்சிட்டீங்க," என்று முணுமுணுத்தான். ஆனால் கை நீண்டு, நிங் பையில் போட இருந்த மூன்றாவது பன்னை எடுத்துக்கொண்டது. அவன் மறுபடி துரைசானி என்று கூப்பிட ஆரம்பிக்கச் சில வாரங்கள் பிடித்தன. அந்த வார்த்தை வந்த அன்று மியூசானுக்கு வீடு திரும்புகிற வழி லேசாக இருந்தது.

சீனப் புத்தாண்டுக்கு சூக்கி வந்தாள். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பண்டிகைக்கு லீவு கேட்டதே இல்லை. இந்த வருஷம் கேட்டுப் பார்த்தாளாம், கொடுத்துவிட்டார்களாம். சந்தையில் அம்மாவோடு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு நடந்தாள். மீன்காரர், மருந்துக்கடைக்காரர் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். டீக்கடை வாசலில் கோ வழிமறித்து நின்று, சட்டைப் பையிலிருந்து புத்தாண்டுப் பணம் வைத்த ஒரு சிவப்பு உறையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான்.

"இந்த வயசுல எனக்கா?" என்று சூக்கி அம்மாவைப் பார்த்தாள்.

"கல்யாணம் ஆகாத வரைக்கும் உண்டு. வாங்கிக்கோ," என்றாள் மியூசான்.

கோ அவள் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தான். "அதெல்லாம் சரி. எங்கேம்மா உன் குதிரை?"

சூக்கி தன் பத்து வயது கான்டனீஸில் வார்த்தைகளைத் தேடினாள்.

"அவனுக்கு லீவு தரல மாமா," என்றாள். "எனக்கு மட்டும்தான் குடுத்தாங்க."